கல்யாணப் பெட்டியை இழுத்த சின்ன எஞ்சின்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அம்மா சொல்வாள். அது பொய்யில்லை. ஆனால் என் எஞ்சினை யாராவது கேலி பேசினால்தான் அது நுனியை விட்டுக் கீழே குதிக்கும். ஐம்பதுகளில் நான் திருச்சி ஜங்ஷன் யார்டில் ஷண்டிங் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் சொந்தக்காரர்களுக்கு எஞ்சின் டிரைவர் என்றால் மெயில் ஓட்டுகிறவன். ராத்திரி படுத்து விடிந்து எழுந்தால் வேறு ஊரில் இருக்கிறவன். நானோ காலையில் போய், பெரும்பாலும் யார்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, சாயங்காலம் ஸ்ரீரங்கத்து வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவேன். தாய்மாமா ஒருவர் இருந்தார். எந்த விசேஷமானாலும் பந்தியில் இலை போட்டதும் ஆரம்பித்துவிடுவார்.

"மாப்ளே, இன்னைக்கு உங்க வண்டி எந்த ஊருக்குப் போச்சு?"

"ஒரு ஊருக்கும் போவலை மாமா. நான் பெட்டியைக் கோத்து விட்டாத்தான் மத்தவன் ஊருக்குப் போவான்."

"அதானே. செக்குமாடு எந்தச் சந்தைக்குப் போச்சு?"

பந்தியே சிரிக்கும். எனக்குச் சாம்பார் இறங்காது.

என் எஞ்சினைப் பார்த்திருந்தால் அப்படிப் பேச மனம் வராது. குட்டையானது. பின்னால் கரி வண்டி கிடையாது. தண்ணீரை இரண்டு பக்கமும் தொட்டியில் வைத்துக்கொண்டு, கரியை எங்கள் முதுகுப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் வைத்துக்கொண்டு, முன்னால் போவதும் பின்னால் போவதும் அதற்கு ஒன்றுதான். திருப்பி நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. யார்டில் அதைக் குட்டை என்றுதான் கூப்பிடுவோம். விசில் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத விசில், சண்டைக்கு நிற்கும் குழந்தை மாதிரி கீச்சென்று கத்தும். தெற்கிலிருந்து வரும் வண்டியில் நான்கு பெட்டியைக் கழற்றி வடக்கே போகிற வண்டியில் கோக்க வேண்டும், சரக்கு வேகன்களைப் பிரித்து ஊர்வாரியாக லைனில் தள்ள வேண்டும், காலிப் பெட்டிகளை ஓரம் கட்ட வேண்டும். நாள் முழுக்க இதுதான். மெயில் எஞ்சினுக்கு இழுக்கத் தெரிந்தால் போதும். ஷண்டிங் எஞ்சினுக்கு நிற்கத் தெரிய வேண்டும். பெட்டியும் பெட்டியும் தொடும்போது உள்ளே படுத்திருக்கிறவன் புரண்டு படுக்கலாம், எழுந்து திட்டக் கூடாது. அதுதான் எங்கள் கணக்கு.

இந்தக் கணக்கை வீட்டில் மதித்தவள் ஒருத்திதான், என் தங்கை. அவளுக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகம். அப்பா இறந்தபோது அவள் பாவாடை கட்டிய சின்னப் பெண். ஆகையால் நான் அண்ணன் பாதி, அப்பா பாதி. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருத்தி தன் சித்தப்பா மெயில் டிரைவர் என்று பீற்றிக்கொண்டாளாம். "எங்க அண்ணன் தள்ளி விடலைன்னா உங்க சித்தப்பா மெயிலு நின்ன எடத்துலதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். குட்டை யார்டை விட்டு வெளியே போவது ஒரே ஒரு வேலைக்குத்தான். தினமும் காலையில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குச் சரக்கு வேகன் கொண்டுவரும். வாழைத்தார் ஏற்றக் காலி வேகன், உப்பு, உர மூட்டை, இப்படி. அந்த விசில் கேட்டால், "அண்ணன் வண்டி பாலத்துல வருது" என்று அடுப்படியிலிருந்தே சொல்வாள்.

அவளுக்கு மதுரையில் மாப்பிள்ளை அமைந்தது. மில்லில் குமாஸ்தா. நல்ல பையன், அதிர்ந்து பேசத் தெரியாது. அவன் பேச வேண்டியதையும் சேர்த்து அவன் அம்மா பேசிவிடுவார். சம்பந்தியம்மா கெட்டவர் இல்லை. ஆனால் அவர் சொன்னது சொன்னதுதான். நிச்சயதார்த்தத்தன்று தட்டு வைக்கிற திசை சரியில்லை என்று எல்லாத் தட்டையும் எடுத்துத் திரும்ப வைக்கச் சொன்னார். அம்மா அன்றிரவு பாயில் படுத்துக்கொண்டு, "வாயி கொஞ்சம் ஜாஸ்தி. நம்ம பொண்ணு எப்படிச் சமாளிப்பாளோ" என்று புலம்பினாள். எனக்கும் அதே பயந்தான். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே வந்து தங்கினால் பெண் வீட்டுக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டுச் செலவு என்று, அவர்களே பெருந்தன்மையாக ஓர் ஏற்பாடு சொன்னார்கள். ஒரு முழுப் பெட்டியை ரிசர்வ் செய்து ராத்திரி மதுரையில் ஏறுவார்கள். விடியற்காலை திருச்சியில் அந்தப் பெட்டியைக் கழற்றி, விழுப்புரம் போகிற பாசஞ்சரில் கோத்துவிட்டால், இறங்காமல் ஏறாமல் நேராக ஸ்ரீரங்கம். முகூர்த்தம் பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். நேரம் தாராளமாக இருந்தது. இதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மாமாவிடமே போய்ச் சொன்னேன்: "மாப்பிள்ளையைக் கொண்டாந்து சேக்கப்போறது என் எஞ்சின்தான் மாமா. செக்குமாடுதான்." கல்யாணத்துக்கு நான் லீவு. குட்டையை அன்றைக்கு ஓட்டப் போகிறவன் என் கூட்டாளி, என் வயதுக்காரன். பெட்டியைப் பூப்போல் கோக்க வேண்டும் என்று அவனிடம் பல தடவை சொல்லியாயிற்று.

கல்யாணத்தன்று காலை நாதஸ்வரம், தவில், ஆரத்தித் தட்டு, சந்தனக் கிண்ணம் சகிதமாக ஸ்ரீரங்கம் பிளாட்பாரத்தில் நின்றோம். நான் பட்டுக்கரை வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். பாசஞ்சர் வந்தது. கடைசியில் ஒரு பெட்டி கூடுதலாக இருந்தது. நாதஸ்வரக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். பெண்கள் ஆரத்தித் தட்டைத் தூக்கினார்கள். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

உள்ளே ஒருவரும் இல்லை. காலிப் பெட்டி. ஒரு மூலையில் யாரோ உரித்துப் போட்ட கடலைத்தோல் கிடந்தது. நாதஸ்வரக்காரர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, பாட்டைப் பாதியில் விடக் கூடாதே என்று முடிக்கிற வரைக்கும் அந்தக் காலிப் பெட்டிக்கே வாசித்தார்.

மாமா பக்கத்தில் வந்தார். நல்லவேளையாக வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கல்யாண வீட்டில் கைகலப்பு ஆகியிருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் ஜங்ஷனுக்கு ஃபோன் போட்டார். கோக்க வேண்டிய பெட்டியைக் கோத்தாயிற்று என்று பதில் வந்தது. அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நகராது. வாசலில் காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட லாரி ஒன்றில் தாவி ஏறினேன். மார்க்கெட்டில் குதித்து ஒரு ஜட்கா பிடித்து, குதிரைக்காரனைப் பாடாய்ப் படுத்தி ஜங்ஷனுக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் என் கூட்டாளியைத் திட்டிக்கொண்டே போனேன். எருமை, கூறு கெட்டவன், ஒரே ஒரு பெட்டியைப் பார்த்துக் கோக்கத் துப்பில்லாதவன். நேரில் கிடைத்ததும் அதையே திரும்ப ஒருமுறை சொன்னேன்.

அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மதுரை வண்டியில வால்ல ரெண்டு பெட்டி வந்துச்சு. ஒண்ணுல வடக்கேன்னு சாக்கட்டியில எழுதியிருந்துச்சு. இன்னொண்ணுல எழுத்தே இல்லை, விளக்கு வெளிச்சத்துல ஏதோ கறைதான் தெரிஞ்சுச்சு, ஜன்னல் பூரா மூடிக் கெடந்துச்சு. எழுத்து இருந்ததைக் கோத்தேன். இல்லாததை ஓரம் கட்டினேன். நீயா இருந்தா என்ன செஞ்சிருப்பே?"

நானும் அதையேதான் செய்திருப்பேன். யார்டில் சாக் எழுத்துதான் சட்டம். பெட்டியின் பக்கவாட்டில், கைக்கு எட்டுகிற உயரத்தில், போகிற ஊரையோ திசையையோ சாக்கட்டியால் எழுதிவிடுவார்கள். காகிதத்தில் என்ன இருந்தாலும், தந்தியில் என்ன வந்தாலும், விடியற்காலை இருட்டில் விளக்கைத் தூக்கிப் பார்க்கிறவனுக்கு அந்த எழுத்துதான் வேதம். எழுத்தில்லாத பெட்டி காலிப் பெட்டி. கல்யாண கோஷ்டியோ உள்ளே குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறது. இவன் அவ்வளவு பூப்போலத் தள்ளியிருக்கிறான், ஒருத்தரும் விழிக்கவில்லை. நான்தானே பல தடவை சொல்லி வைத்தேன்.

யார்டின் கடைக்கோடியில், கரிக் குவியலுக்கு அந்தப் பக்கம், பெட்டி நின்றது. இப்போது எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. ஒவ்வொரு ஜன்னலிலும் இரண்டு தலை. கதவில், விழித்த பிறகு கட்டிய மாவிலைத் தோரணம். பக்கவாட்டில், எழுத்து இருக்க வேண்டிய அதே இடத்தில், துடைத்த ஈரம் காய்ந்த வட்டம். அதன்மேல் மஞ்சளும் குங்குமமும் பளிச்சென்று வைத்திருந்தது.

மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "மச்சான், நான் இறங்கி ஜட்காவுல வந்துடறேனே."

"உக்காருடா" என்று உள்ளேயிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. "கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை நடுவழியில கால் வெக்கக் கூடாது. அதுவும் இந்தக் கரிக்காட்டுலயா வெப்பே? ஆரத்தி எடுக்கற எடத்துலதான் இறங்கணும்."

சம்பந்தி ஐயா வாசற்படிக்கு வந்தார். சாதுவான மனிதர். அன்றைக்கு அவருக்கே முகம் சிவந்திருந்தது. "என்னங்க இது? எந்த முட்டாப்பய எங்களை இங்க கொண்டாந்து தள்ளினது? நேரம் தப்பிச்சுன்னா இந்தக் கல்யாணமே வேணாம்னு இவ சொல்றா. திரும்பிப் போயிடலாங்கறா."

நான் கண்ணால் அந்த மஞ்சள் குங்குமத்தைக் காட்டி, "இங்க சாக்கட்டியில எழுதியிருந்திருக்குமே?" என்று கேட்டேன்.

சம்பந்தியம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அந்தக் களேபரத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. "ஆமா தம்பி, எவனோ கண்டபடி கிறுக்கி வெச்சிருந்தான். மாப்பிள்ளை வர்ற வண்டி அப்படியா வரும்? மதுரையிலயே ஈரத்துணி போட்டு நான்தான் சுத்தமாத் தொடச்சேன். தொடச்சு மஞ்சள் குங்குமம் வெச்சேன்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. காலிப் பெட்டிக்கு வாசித்த நாதஸ்வரம், நான் பார்க்காமல் வந்த அம்மா முகம், வாழைத்தார் லாரி, ஜட்கா, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. என் பின்னால் கூட்டாளி, "அப்போ அதுதானே..." என்று ஆரம்பித்தான். அவன் காலைக் கெட்டியாக மிதித்தேன்.

ஏன் மிதித்தேன் என்று யோசித்தெல்லாம் செய்யவில்லை. என் தங்கை இந்த அம்மாளோடு ஒரே அடுப்படியில் காலம் தள்ள வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. இத்தனை சனத்துக்கு முன்னால் இவர் தலை குனிந்தால், அந்தக் குனிவுக்கு வட்டியும் முதலுமாக அவள்தான் தினமும் கட்டுவாள். வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை எனக்கே புதிதாக இருந்தது.

"எங்க யார்டுலதாங்க தப்பு. எங்க ஆளுங்க பார்க்காம தள்ளிட்டாங்க. மன்னிச்சுக்குங்க. இதோ, நானே கொண்டுபோய்ச் சேத்துடறேன்."

நகர்ந்து வந்ததும் கூட்டாளி என் தோளைப் பிடித்துத் திருப்பினான். "ஏண்டா, நம்ம யார்டை நீயே கேவலப்படுத்தறியா? என்னை முட்டாப்பயன்னு சொல்றாரு, நீ ஆமாங்கறே?"

"என் தங்கச்சிடா" என்றேன். அவன் என் தோளிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "சரி, பாயசம் எனக்கு மூணு தடவை வரணும்" என்று சொல்லிவிட்டு எஞ்சினை நோக்கி நடந்தான்.

யார்டு மாஸ்டரிடம் ஓடினேன். ஸ்ரீரங்கத்துக்கு அன்றைய சரக்கு வேகன்கள் எப்படியும் போக வேண்டும். பெட்டிக்கும் அந்த ஊருக்கு முறைப்படி பணம் கட்டியிருக்கிறது. என் வேட்டியையும் சந்தனத்தையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எஞ்சினை அடுத்துக் கல்யாணப் பெட்டி, அதற்குப் பின்னால் வாழைத்தார் வேகன்கள் என்று கோத்துக்கொள்ளச் சொன்னார். "நீ லீவுல இருக்கே. எஞ்சின்ல ஏறிக்க, ஆனா ரெகுலேட்டர்ல கை வெக்கக் கூடாது" என்றார். எஞ்சினை ஓட்டும் அந்தப் பிடியில் நான் கை வைக்கவில்லை. ஆனால் சும்மா நிற்க முடியுமா? ஃபயர்மேன் கையிலிருந்து கரி அள்ளும் ஷவலைப் பிடுங்கிக்கொண்டேன்.

புறப்படும் முன் சாக்கட்டி வாங்கி, பெட்டியின் இன்னொரு பக்கத்தில், சம்பந்தியம்மா கண்ணில் படாத பக்கத்தில், ஸ்ரீரங்கம் என்று பெரிதாக எழுதினேன். குட்டை கிளம்பியது. பொன்மலை தாண்டி, டவுன் ஸ்டேஷன் தாண்டி, கேட்டுகளில் நின்றவர்களெல்லாம் வாய் பிளந்து பார்த்தார்கள். முன்னால் ஒரு யார்டு எஞ்சின், அதில் பட்டுக்கரை வேட்டியோடு கரி அள்ளுகிறவன், அடுத்து மாவிலைத் தோரணம், அதற்குப் பின்னால் சரக்கு வேகன். குட்டையால் வேகமாக ஓட முடியாது. அதன் பிறவி அப்படி. நான் கரியை அள்ளிப் போட்டுக்கொண்டு, வாய்விட்டே அதனிடம் கெஞ்சினேன்: போடி ராசாத்தி, ஒரே ஒரு தடவை மெயில் மாதிரி போ. பாலத்தில் ஏறியதும் கூட்டாளி விசில் கயிற்றைப் பிடித்து இழுத்தான். காவிரியின் இந்தக் கரையில் ஆரம்பித்த விசில், அந்தக் கரை வரைக்கும் நிற்கவில்லை.

பிறகு என் மனைவி சொன்னாள். கல்யாணச் சத்திரத்தில் அப்போது பெண்களெல்லாம் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தார்களாம். தங்கை கழுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாளாம். விசில் கேட்டதும் தலையைத் தூக்கி, "அண்ணன் வண்டி பாலத்துல வருது அண்ணி" என்றாளாம். மாலையை எடுத்துத் தானே போட்டுக்கொண்டாளாம்.

நாதஸ்வரக்காரர் இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே வாசித்தார். ஆரத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளை சரக்கு பிளாட்பாரத்தில் வலது காலை எடுத்து வைத்தான். சத்திரத்துக்கு அத்தனை பேரும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். அப்பா இல்லாததால் நானும் என் மனைவியும்தான் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். என் கையைப் பார்த்த ஐயர், "கொஞ்சம் அலம்பிண்டு வாங்கோ" என்றார். கிணற்றடிக்குப் போய் வர நேரமில்லை. தங்கை தலை நிமிராமல், "பரவால்லைண்ணே, அப்படியே புடிங்க" என்றாள். தண்ணீர் வார்த்தபோது கரி கரைந்து அவள் மருதாணிக் கையில் ஓடியது. முகூர்த்தம் தப்பவில்லை. கூட்டாளி பாயசத்தை நான்கு தடவை வாங்கிக் குடித்தான்.

மாமா அதற்குப் பிறகு பந்தியில் என்னைச் சீண்டியதில்லை. ஆனால் சம்பந்தி வீட்டில் இது வேறு கதையாகிவிட்டது. "என் மகனுக்குத் தனி எஞ்சின் விட்டாங்க" என்று அந்த அம்மாள் மதுரை முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதாகத் தங்கை எழுதினாள். யார்டில் நடந்த தப்பு பற்றியும் அந்தக் கதையில் கூடவே ஒரு வரி இருக்கும் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் தங்கையைத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கொண்டுவந்து விட்டது சம்பந்தியம்மாவேதான். ஜங்ஷனில் இறங்கி ஸ்ரீரங்கம் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். நான் டியூட்டியில் இருந்தேன். குட்டையால் தள்ளி வந்த ஒரு பெட்டியை அந்த வண்டியின் வாலில் கோத்துவிட்டு இறங்கி வந்தேன். தங்கை வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கன்னம் பூரித்து, பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா அவளை விட்டுத் தள்ளி, நான் கோத்த பெட்டியின் பக்கத்தில் நின்றிருந்தார். யாரோ ஒருவருடைய பிள்ளை பெட்டியிலிருந்த சாக் எழுத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தது.

"டேய், அதைத் தொடாதே" என்று அதட்டினார். பிள்ளை ஓடிவிட்டது. என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கல்யாணம் முடிஞ்சு திரும்பிப் போறப்ப, பெட்டியில மறுபடி எழுதினாங்க தம்பி. எதுக்குப்பா எழுதறேன்னு கேட்டேன். எழுத்து இல்லேன்னா பெட்டி எங்கயாச்சும் ஓரத்துல கெடக்கும்மான்னான் அந்த ஆளு. எனக்குப் பகீர்னுச்சு."

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டீங்க. அத்தனை பேர் முன்னாடி தப்பு உங்களுதுன்னு சொன்னீங்க. உங்க தங்கச்சிகிட்டக்கூடச் சொல்லலை, நான் சாடையாக் கேட்டுப் பார்த்துட்டேன். எனக்கு வாய் ஜாஸ்திதான், எனக்கே தெரியும். அவளை ஏதாச்சும் சொல்லணும்னு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்திருக்கு. வர்றப்பல்லாம் அந்தச் சாக்கட்டி ஞாபகம் வந்துடும், முழுங்கிடுவேன். நான் அவளை இதுவரைக்கும் ஒரு சொல்லு சொன்னதில்லை. வேணும்னா கேட்டுப் பாருங்க."

கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் முகத்திலேயே அது தெரிந்தது. கையில் கரி இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

"வெயில் ஏறுதும்மா" என்றேன். "உள்ளே ஏறி உக்காருங்க. மெதுவாத்தான் கோத்திருக்கேன்."